முதலெழுத்தும் முத்திரையும்

ஆலங்குளத்தில் பிறந்து, ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., அதன்மேல் ஒரு பி.எட். முடித்த ஒருவருக்கு மாலத்தீவிலோ தாய்லாந்திலோ ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் அவருடைய சான்றிதழ்கள் ஊர் சுற்றிவர வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களைக் கொடுத்தது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். பட்டத்தைக் கொடுத்தது அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்; ஆலங்குளத்திலிருந்து நெல்லைக்குப் போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. பி.எட். பட்டமோ 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடையது, அதுவும் சென்னை. அவருடைய சித்தப்பாவும் ஆங்கிலம் படித்து வெளிநாடு போனவர் என்றால், அவர் கையில் இருப்பது மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டமாக இருக்கும். நெல்லைக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தது 1990-இல்தான். ஆக ஒரே ஆளின் படிப்புக்கு மூன்று அலுவலகங்கள் சாட்சி. மூன்றிலும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டும்.

ஏன் போகிறார்கள் என்பதை இங்கே நீட்டி எழுதத் தேவையில்லை. பீடி சுற்றியும் காய்கறி ஏற்றியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த வட்டாரம் இது. தனியார் மெட்ரிக் பள்ளிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஆசிரியர்கள் பேச்சை மாற்றுவார்கள். தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் பணி நியமனத்துக்காகக் காத்திருப்போர் ஏராளம். எங்கே போகிறார்கள் என்பதில்தான் ஒரு வரலாறு இருக்கிறது. எத்தியோப்பியாவுக்கு ஹைலே செலாசி காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள் போனார்கள். அதில் மலையாளிகளே அதிகம். பிறகு நைஜீரியா, லிபியா, ஏமன், வளைகுடா. மாலத்தீவு 1960-களில் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றத் தொடங்கியபின், அங்குள்ள தீவுப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட பக்கத்து ஊர். செங்கோட்டை தாண்டிக் கணவாய் வழியாகத் திருவனந்தபுரம் போய்விட்டால், அங்கிருந்து மாலே சென்னையைவிடக் கிட்டம் என்றே தோன்றும். அண்மைக் காலத்தில் தாய்லாந்தும் வியட்நாமும் சேர்ந்திருக்கின்றன.

இந்த நாடுகளெல்லாம் கேட்கும் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை மூன்று கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. உனக்கு உண்மையிலேயே ஆங்கிலம் தெரியுமா? இந்தத் தாளில் இருக்கும் ஆள் நீதானா? இந்தத் தாள் உண்மையா? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதல் கேள்விதான் கடினம் என்று நினைப்பார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைக் கேட்டால் மற்ற இரண்டையும்தான் சொல்வார்கள். என் முடிவும் அதுவே.

ஆனாலும் முதல் கேள்வியைத் தட்டிவிட முடியாது. அதில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. தென்கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் ஈ-2 விசாவை வழக்கமாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்த நெல்லைக்காரருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் எடுத்திராத ஓர் ஆஸ்திரேலியப் பட்டதாரிக்கு உண்டு. இதில் ஒரு சின்னக் கதவு திறந்தது 2010 ஜனவரி 1-ஆம் தேதி. அன்று நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய விரிவான பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் உள்ள இந்தியர்கள் ஆங்கிலத் துணை ஆசிரியர்களாகப் போகலாம். கார், எஃகு, சுங்க வரி பற்றிய ஓர் ஒப்பந்தத்துக்குள் பி.ஏ., பி.எட். படித்தவருக்கும் ஒரு வரி இருக்கிறது என்பது நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? துணை ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். கதவு திறந்தது, ஆனால் குனிந்துதான் போக வேண்டும்.

சீனாவும் மொழியாசிரியர் தம் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. தாய்லாந்து அவ்வளவு கறாராக இல்லை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவரிடம் டோயிக், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கும். அங்கே ஆசிரியர் உரிமம் வழங்கும் அமைப்பின் பெயர் 'குருசபா'. நம் காதுக்கு அது குரு சபை என்றே விழும். சொல்லின் வேரும் அதுதான். அதன் படிவங்கள் முன்னால் மட்டும் அந்தச் சொந்தம் எடுபடாது.

இங்கேதான் பயிற்றுமொழிச் சான்று வருகிறது. பட்டப்படிப்பை ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரி முதல்வர் தம் தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பது. சில நாடுகளும் சில பள்ளிகளும் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பதிலாக இதை ஏற்கின்றன. இதே ஆலங்குளத்தில் இதற்கு நேரெதிரான சான்றுக்கும் கூட்டம் நிற்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பட்டப்படிப்பு மட்டும் தமிழில் என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020-இல் அது இறுக்கப்பட்டது. ஒரு வீட்டில் அண்ணன் 'தமிழில்தான் படித்தேன்' என்று எழுதி வாங்கிவரத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பான். தங்கை 'ஆங்கிலத்தில்தான் படித்தேன்' என்று எழுதி வாங்கக் கல்லூரி அலுவலகத்தில் நிற்பாள். ஒரே குடும்பத்தின் இரண்டு எதிர்காலங்களும் ஒரே மாதிரியான லெட்டர்பேடில்தான் எழுதப்படுகின்றன.

இனி இரண்டாவது கேள்வி. எனக்குத் தெரிந்து தமிழர்களை இதைவிட அதிகமாக அலைக்கழித்த கேள்வி வேறில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, சிலருக்கு அதற்கு முன்னால் ஊரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். சாதிப் பெயரை வெட்டியெறிந்த ஒரு நூற்றாண்டின் பெருமை அதில் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பம் முதலெழுத்தை அப்படியே ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் இன்னொரு கட்டம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், அயல்நாட்டுப் பள்ளியில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். போடாமல் விட்டால் ஒற்றைப் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்டு சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது தமிழகத்தில் எத்தனை வீடுகள் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தன! இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் பலருக்கு வயிறு கலங்கிவிட்டது.

அதோடு எழுத்துக்கூட்டல். நெல்லை, தென்காசிப் பக்கத்தில் இசக்கி என்ற பெயர் இல்லாத தெரு கிடையாது. இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜா. இந்த இசக்கியை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டுத் தொடங்குவதா, 'ஈ' போட்டுத் தொடங்குவதா என்பது பள்ளியில் சேர்த்த அன்றைக்கு எழுதிய வாத்தியாரின் விருப்பம். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, அப்பாவின் குடும்ப அட்டையில் மூன்றாவது ஒன்று. சுடலைமுத்து, சண்முகம், மாரியப்பன் எல்லோருக்கும் இதே கதை. சண்முகத்தின் நடுவில் 'ஏ'யா 'யு'வா என்பதற்காக நோட்டரி முன்னால் உட்கார்ந்தவர்கள் உண்டு. உள்ளூரில் இதெல்லாம் ஒரு பொருட்டல்ல; நம் மூளை எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்கிறது. விசா அதிகாரியின் கணினி எழுத்தை மட்டுமே பார்க்கும்.

பெண்களுக்கு இது இரட்டிப்பு. கல்யாணத்துக்குமுன் அப்பாவின் முதலெழுத்தில் பட்டம். கல்யாணத்துக்குப்பின் கணவர் பெயரோடு ஆதாரும் பாஸ்போர்ட்டும். பட்டம் ஒரு பெண்ணுடையது, பாஸ்போர்ட் இன்னொருத்தியுடையது என்று கணினி முடிவு கட்டிவிடும். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒரு வழி. அது எல்லாத் தூதரகத்திலும் செல்லாது. அடுத்த வழி, அரசிதழில் பெயர் மாற்றம். எழுதுபொருள், அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து, பழைய பெயரையும் புதிய பெயரையும் அச்சிட்டு வாங்குவது. பெயரை மாற்றிக்கொள்ளவே நினைக்காதவர், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் வேலை தேடும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டைப் பட்டச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமானவர் கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மாமியார் வீட்டில் வேண்டுமானால் விதி இருக்கலாம்.

ஊர்ப் பெயரும் தப்பவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. மொழிப்பற்றாளர்களுக்கு வருத்தம். அது அப்படியே நடைமுறைக்கு வந்திருந்தால், பிறந்த ஊர் என்ற கட்டத்தில் பழையதை எழுதியவர்களும் புதியதை எழுதியவர்களும் பட்டிருக்கும் பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். மாற்றம் சரியா தவறா என்பது வேறு பேச்சு.

மூன்றாவது கேள்வி, தாள் உண்மையா என்பது. இதற்கான பதில்தான் முத்திரைகளின் சங்கிலி. 1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்க, தூதரகம் தூதரகமாக அலையாமல் 'அப்போஸ்டில்' என்ற ஒரே சான்று போதும் என்பது அதன் சாரம். இந்தியா இதில் சேர்ந்து, 2005 ஜூலை 14 முதல் அது நமக்கு நடைமுறைக்கு வந்தது. தென்கொரியா 2007-இல், ஓமன் 2012-இல், பஹ்ரைன் 2013-இல், சவூதி அரேபியா 2022 டிசம்பரில் வந்து சேர்ந்தன. இந்த நாடுகளுக்குப் போகிறவருக்கு வெளியுறவுத் துறை ஒட்டும் ஒரு ஸ்டிக்கர் போதும். அமீரகம், கத்தார், குவைத், தாய்லாந்து ஆகியவற்றுக்கு வெளியுறவுத் துறையின் முத்திரையோடு அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அப்போஸ்டில் என்பது உங்கள் பட்டம் நல்ல பட்டம் என்று சொல்வதில்லை. அதன் அடியில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் அந்த அதிகாரியுடையவைதாம் என்று மட்டுமே சொல்கிறது. தூதரகம் வெளியுறவுத் துறையின் கையெழுத்தை நம்புகிறது. வெளியுறவுத் துறை மாநில அரசின் கையெழுத்தை நம்புகிறது. மாநில அரசு பல்கலைக்கழகத்தை நம்ப வேண்டும். அதற்குத்தான் நம் ஆசிரியர்கள் நன்றாக அறிந்த அந்தச் சொல் வருகிறது: உண்மைத்தன்மை. அரசுப் பள்ளியில் சேர்ந்தவர்கூடப் பணிக்காலம் தொடங்கியதும் தம் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைக்காக அலுவலகங்களுக்கு எழுதி எழுதிக் காத்திருக்கிறார். வெளிநாடு போகிறவர் அந்தக் காத்திருப்பை முன்பணமாகவே கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்கி, சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் முத்திரை பெற்று, பிறகு வெளியுறவுத் துறை. பள்ளிச் சான்று என்றால் பள்ளிக் கல்வித் துறை. பிறப்புச் சான்று, திருமணச் சான்று என்றால் வேறு துறை.

அப்போஸ்டிலுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் சேர்த்தாலும் பெரிய தொகை இல்லை. ஆனால் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் இதை முடித்துவர ஏஜென்சிக்குக் கொடுப்பது ஆயிரக்கணக்கில். இந்த வித்தியாசம் எதற்கான விலை? முத்திரைக்கானது அல்ல, அறுநூறு கிலோமீட்டருக்கானது. தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, யாரோ ஒருவரின் மேசை முன் நின்று, 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலோடு அன்று இரவே திரும்பியவருக்கு ஏஜென்சிக்காரர் கொள்ளைக்காரராகத் தெரிவதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. கேரள அரசு 1996-இலேயே வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கென்று தனித் துறை அமைத்தது. அதன் கீழ் இயங்கும் நோர்கா ரூட்ஸ், திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய ஊர்களில் சான்றிதழ்களுக்கு முத்திரை வைத்துக் கொடுக்கிறது. வடக்கே ஒன்று, நடுவில் ஒன்று, தெற்கே ஒன்று. ஆனால் அது கேரளத்தில் வழங்கப்பட்ட கல்விச் சான்றுகளுக்குத்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது என்பதைச் சொல்லி, திருவனந்தபுரத்தில் நம் பட்டத்துக்கு முத்திரை கேட்க முடியாது! தமிழ்நாட்டிலும் 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுத்து அனுப்புகிறது. வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கென்று ஆணையரகமும் இருக்கிறது. இவையெல்லாம் சென்னையில். நெல்லையிலோ மதுரையிலோ உயர்கல்வித் துறையின் ஒரு கவுண்டர் வாரத்துக்கு இரண்டு நாள் திறந்திருந்தால் தென் மாவட்டங்களின் ஏஜென்சித் தொழிலில் பாதி படுத்துவிடும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் பல வேலைகள் பக்கத்தில் வந்தன. இது வரவில்லை. இ-சனத் என்ற இணையவழிச் சரிபார்ப்பை வெளியுறவுத் துறை 2017-இல் தொடங்கியது; பட்டங்களை டிஜிலாக்கரில் ஏற்றும் வேலையும் நடக்கிறது. ஆனால் மின்னணுவில் ஏறாத பழைய பட்டங்களை வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் பத்தாண்டு அனுபவத்தோடு வெளிநாட்டுப் பள்ளி கேட்கும் ஆசிரியர்.

பாஸ்போர்ட் விஷயத்தில் மட்டும் காலம் மாறித்தான் இருக்கிறது. மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் திருநெல்வேலியிலேயே சேவா மையம் இருப்பதால், காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் ஆசிரியரிடம் இந்தச் சான்றைக் கேட்காத நாடு அபூர்வம். நாள் கணக்குச் சிக்கல் இதில்தான் தொடங்குகிறது. நன்னடத்தைச் சான்று பழசானால் செல்லாது. ஆறு மாதம் என்பார்கள், சிலர் மூன்று மாதம் என்பார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. மருத்துவப் பரிசோதனைக்கு அதைவிடக் குறுகிய ஆயுள். பட்டத்துக்கு ஆயுள் இல்லை. ஆக, பட்டத்தின் முத்திரைகளை வேலை கிடைப்பதற்கு முன்பே முடித்து வைக்கலாம்; நன்னடத்தைச் சான்றையும் மருத்துவத்தையும் கடைசியில்தான் தொட வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். எளிதாகக் கிடைப்பதை முதலில் வாங்கிவிட்டு, உண்மைத்தன்மைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எளியது காலாவதியாகிவிடும். மறுபடி காவல்நிலையம், மறுபடி அந்தக் காவலர், மறுபடி 'எந்த நாட்டுக்குப் போறீங்க?'

அவசரத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும்; வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை என்பதால், பட்டதாரி ஆசிரியர்கள் இந்தச் சட்டமே தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனுமதி தேவையில்லையே தவிர, பதிவு பெற்ற முகவரா என்று பார்க்க வேண்டிய தேவை போய்விடவில்லை. 'முதலில் டூரிஸ்ட் விசாவில் வாங்க, அங்கே வந்து மாற்றிக்கலாம்' என்பது தாய்லாந்து வேலைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குள் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கணினி வேலைக்குப் போனவர்கள். ஆனால் அந்த வசனம் ஆசிரியருக்கும் அதேதான். வேலைக்கான விசா இங்கிருக்கும்போதே பாஸ்போர்ட்டில் ஏற வேண்டும், அல்லது மாலத்தீவைப் போல வேலை அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே கிளம்ப வேண்டும். அசல் பட்டத்தை யார் கேட்டாலும் காட்டலாம்; கொடுத்துவிட்டு வரக்கூடாது.

போகும்போது சேர்த்த தாள்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். திரும்பி வரும்போது கொண்டுவர வேண்டிய ஒரு தாள் இருக்கிறது: அனுபவச் சான்று. அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்க அதுதான் மூலதனம். அந்தப் பள்ளி கொடுக்க வேண்டும், அந்த நாட்டு அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும், அங்குள்ள இந்தியத் தூதரகம் முத்திரை வைக்க வேண்டும். இதே சங்கிலி, எதிர்த்திசையில். 2011 பிப்ரவரியில் லிபியாவில் கலவரம் மூண்டபோது இந்திய அரசு கப்பலிலும் விமானத்திலுமாக 15,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டுக்கொண்டு வந்தது. 2015-இல் ஏமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள். குண்டு விழும் ஊரில் யார் போய்ப் பள்ளி அலுவலகத்தைத் திறந்து, லெட்டர்பேடைத் தேடி, முத்திரை கேட்பது? அதனால் பழைய ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும், ஊருக்கு வரும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, அந்த ஆண்டுக்கான அனுபவச் சான்றை வாங்கி முத்திரை வைத்து ஃபைலில் போட்டுவிடுவார்கள். ஜெராக்ஸ் ஒன்று ஆலங்குளத்து வீட்டுப் பீரோவில் இருக்கும்.